குடும்பக் குழுவில் பாடிய பெண்

2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, சுவிட்சர்லாந்தின் லுசேர்ன் மாநிலத்தில் உள்ள எம்மன் நகராட்சி மக்கள் ஒரு சிற்றேட்டைப் படித்துவிட்டு வாக்களித்தார்கள். குடியுரிமை கேட்டு வந்த 23 விண்ணப்பங்கள் அதில் இருந்தன. விண்ணப்பித்தவர் எந்த நாட்டிலிருந்து வந்தவர், என்ன வேலை செய்கிறார், ஓய்வு நேரத்தில் என்ன செய்வார் என்பன போன்ற விவரங்களும் இருந்தன. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனித்தனியாக ஆம், இல்லை. கடைசியில் நான்கு மட்டும் தேறின, நான்கும் இத்தாலியர்களுடையவை. நிராகரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள். 2003 ஜூலையில் சுவிஸ் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், வாக்குப்பெட்டியில் குடியுரிமையை முடிவு செய்வது அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஒருவரை மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், இரகசிய வாக்கில் காரணம் சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த முறையை மீண்டும் அனுமதிக்கக் கோரிய முன்மொழிவு ஒன்று 2008 ஜூன் 1 அன்று நாடு தழுவிய வாக்கெடுப்பில் தோற்றது.

எம்மன் நகராட்சியின் முக்கியப் பகுதி எம்மன்புரூக்கே. சிறிய எம்மே ஆறு ரொய்ஸ் ஆற்றில் கலக்கும் இடம். சுற்றுலாப் பயணிகள் லுசேர்னின் மரப்பாலத்தையும் ஏரியையும் பார்த்துவிட்டுப் போவார்கள். எம்மன்புரூக்கேயைத் தேடி வருபவர்கள் வேலை தேடி வருபவர்கள். 19ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே ஃபொன் மூஸ் இரும்பு ஆலை. 1906இல் விஸ்கோஸ் நிறுவனம் வந்து செயற்கைப் பட்டு நூற்கத் தொடங்கியது, பின்னர் நைலான். இத்தாலியர், ஸ்பானியர், யூகோஸ்லாவியர், துருக்கியர் என்று அலையலையாக ஆட்கள் வந்தார்கள். இன்று 30,000க்கு மேற்பட்ட மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். பழைய விஸ்கோஸ் வளாகத்துக்கு இப்போது விஸ்கோசிஸ்டாட் என்று பெயர். 2016 முதல் லுசேர்ன் உயர்கல்லூரியின் வடிவமைப்பு, கலைத் துறை அங்கே இயங்குகிறது.

எம்மன் வாக்கெடுப்பு நடந்த நாளில், நாட்டின் கிழக்கே சென்ட் காலன் நகரில் ப்ரியா ராகு என்ற ஈழத்தமிழ்ப் பெண் பதின்வயதில் இருந்தார். 1986இல் அங்கே பிறந்தவர். 1980களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து தப்பி வந்த பெற்றோர். 2023 அக்டோபர் 20 அன்று வார்னர் நிறுவனம் வழியாக அவருடைய முதல் முழு ஆல்பம் வெளிவந்தது, பெயர் 'சந்தோசம்'. சோல், பாப், ஆர் அண்ட் பி, தமிழ்த் தாளம் எல்லாம் கலந்த, கேட்பவரை எழுப்பி நிறுத்தும் ஆல்பம். இசையமைத்துத் தயாரித்தவர் அவருடைய சகோதரர். மேடைப் பெயர் ஜாஃப்னா கோல்ட். உலகத் தமிழர்களிடமிருந்து இந்த வகையில் வந்தவற்றில் எனக்குத் தெரிந்தவரை இதுவே முழுமையானது. ஆனால் மேலைநாடுகளில் இந்த இசை வகையைப் பிரபலமாக்கிய பெண்குழு என்ற அமைப்பு இதில் இல்லை. பாடுவது ஒரே பெண். மூன்று பெண்கள், நான்கு பெண்கள் சேர்ந்து நின்று பாடும் குழு தமிழர்களிடையே நிலைக்காமல் போனது ஏன், அது இல்லாத இடத்தில் என்ன முளைத்தது என்பவை இக்கட்டுரையின் கேள்விகள். என் விடையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். உற்சாகமூட்டும் சோல் இசை கவலையற்றவர்கள் செய்த இசை அன்று. ஊரார் தம்மை ஏற்பார்களா என்று காத்திருந்த வீடுகளில்தான் அது பெரும்பாலும் பிறந்தது. அந்த வீடுகளில் இசையைக் கற்றுக்கொடுத்தவரும் அதற்கு வேலி போட்டவரும் ஒருவராகவே இருந்தார். அவர் அப்பா.

முதலில் அமெரிக்காவின் டெட்ராய்ட். அதுவும் ஆலை நகரம். பெரி கோர்டி லிங்கன்-மெர்க்குரி கார் ஆலையில் வேலை பார்த்தவர். 1959இல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி, பின்னாளில் மோடவுன் என்று உலகறிந்த நிறுவனத்தைத் தொடங்கினார். வெஸ்ட் கிராண்ட் சாலையில் இருந்த ஒரு சாதாரண வீட்டை ஒலிப்பதிவுக்கூடமாக்கி, கார் உருவாகும் வரிசையைப் போலப் பாட்டும் உருவாக வேண்டும் என்று நினைத்தார்: எழுத ஒரு கூட்டம், வாசிக்க ஒரு கூட்டம், முடிந்த பாட்டைச் சோதித்து வாக்கெடுக்க ஒரு கூட்டம். பாடகிகளுக்கு நடை, உடை, மேசை நாகரிகம் கற்றுக்கொடுக்க மாக்சின் பவல் என்ற ஆசிரியை இருந்தார். அரசர் முன்னும் அதிபர் முன்னும் நிற்கத் தக்கவர்களாக அந்தப் பெண்களை ஆக்குவது அவர் வேலை. இதைப் பாசாங்கு என்று பிற்காலத்தவர் எள்ளியதுண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. வெள்ளையர் உணவகங்களில் உட்கார இடம் கிடைக்காத காலத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணின் நிமிர்ந்த நடை சும்மா வந்ததல்ல. எம்மன் சிற்றேட்டின் பொழுதுபோக்குப் பகுதியை நிரப்பியவர்களுக்கும் இது புரிந்திருக்கும்: எதை எழுதினால் நம்மை நல்லவர் என்பார்கள்?

சுப்ரீம்ஸ் குழுவின் ஃபிளாரன்ஸ் பாலார்ட், மேரி வில்சன், டயானா ராஸ் மூவரும் டெட்ராய்டின் பிரூஸ்டர் அரசுக் குடியிருப்புப் பிள்ளைகள். 1961இல் மோடவுனில் சேர்ந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பெயர் சொல்லும் பாட்டு எதுவும் இல்லை. அலுவலகத்தில் அவர்களைக் கேலி செய்தார்கள். 1964இல் 'வேர் டிட் அவர் லவ் கோ' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது; அடுத்த நான்கு பாட்டுகளும் முதலிடம். அந்த முதல் பாட்டின் தாளம் எப்படி எழுந்தது என்று பார்த்தால் சோல்-பாப்பின் இயல்பே விளங்கும். பலகைகளைத் தரையில் வைத்துக் காலால் மிதித்து அந்த ஒலியை எடுத்தார்கள். பாட்டின் பொருளோ காதலன் கைவிட்டுப் போவதைப் பற்றியது. சொல் அழுகிறது, கால் ஆடுகிறது. தேவாலயத்தில் ஒருவர் அழைக்க மற்றவர் பதில் கொடுத்துப் பாடிப் பழகிய குரல்கள் அவை. துயரத்தைத் தாளத்தில் ஏற்றிக் கூட்டாகச் சுமக்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது. கூட்டு என்பதற்குக் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. 1967இல் பாலார்ட் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 1976இல் 32 வயதில் வறுமையின் நிழலில் இறந்தார்.

ஆனால் மோடவுனை மட்டும் வைத்துப் பெண்குழு என்றால் முதலாளி செய்த பண்டம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உற்சாக சோலின் இன்னொரு ஊற்று வீடு. சிகாகோவின் ஸ்டேபிள் சிங்கர்ஸ் குழுவை எடுத்துக்கொள்ளலாம். பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் மிசிசிப்பியிலிருந்து பஞ்சம் பிழைக்க வடக்கே வந்து இறைச்சிக் கூடங்களில் உழைத்தவர். வேலை முடிந்த பிறகு பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து, கையில் கிதாரோடு ஆளுக்கொரு சுரம் கொடுத்துப் பாடப் பழக்கினார். தேவாலயம் தேவாலயமாகப் பாடிய அந்தக் குடும்பம் 1972இல் 'ஐல் டேக் யூ தேர்' என்ற பாட்டோடு அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்குப் போனது. முன்னால் மகள் மேவிஸின் குரல்.

கலிஃபோர்னியாவின் ஓக்லந்தில் பாயிண்டர் சகோதரிகள். பெற்றோர் இருவரும் சபை ஊழியர்கள். தேவாலயப் பாட்டு பாடலாம். ராக், புளூஸ் எல்லாம் சாத்தானின் சரக்கு. பிள்ளைகள் ஒளிந்து கேட்டார்கள். 1973இல் நால்வரும் சேர்ந்து வெளியிட்ட முதல் ஆல்பத்தில் ஆலன் டூசாண்ட் எழுதிய 'யெஸ் வீ கேன் கேன்' இருந்தது: மனிதர் ஒருவரோடொருவர் ஒத்துப்போக முடியும் என்று சொல்லும் பாட்டு. அப்பா பிரசங்க மேடையில் சொன்னதைத்தான் மகள்கள் அவர் வெறுத்த தாளத்தில் சொன்னார்கள் என்று நான் வாசிக்கிறேன். ஃபிலடெல்ஃபியாவின் ஸ்லெட்ஜ் சகோதரிகள் நால்வருக்கு 1979இல் 'வீ ஆர் ஃபேமிலி' அமைந்தது. ஷிக் குழுவின் நைல் ராஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் எழுதித் தயாரித்த ஆல்பம். குடும்பம் என்பதையே அவர்கள் பாட்டின் கருவாக்கினார்கள்.

இப்போது நம் பக்கம். சகோதரிகள் சேர்ந்து பாடுவது தமிழருக்குப் புதிதன்று. சூலமங்கலம் ஜெயலட்சுமி, ராஜலட்சுமியின் கந்த சஷ்டி கவசம் கேட்காத தமிழ் வீடு எந்தக் கண்டத்திலும் குறைவு. ஒன்றுவிட்ட சகோதரிகளான ராதா–ஜெயலட்சுமி, பம்பாய் சகோதரிகள் சரோஜா–லலிதா, இன்று ரஞ்சனி–காயத்ரி என்று ஒரு நீண்ட மரபு இருக்கிறது. ஆனால் அவர்கள் பாடும் முறையைக் கவனிக்க வேண்டும். இரு குரலும் ஒரே சுரத்தில், ஒரே ஆளின் குரல் தடித்து ஒலிப்பது போலச் சேர்கின்றன. ஆலாபனையிலும் கற்பனாசுரத்திலும் மாறி மாறிப் பாடுகிறார்கள். ஒருவர் ஷட்ஜத்தில் நிற்க இன்னொருவர் காந்தாரத்தில், மூன்றாமவர் பஞ்சமத்தில் நிற்பதால் பிறக்கும் இணைவொலி அங்கே இல்லை. ராக இசைக்கு அது தேவையும் இல்லை. சோல் பெண்குழுவின் உயிரோ அந்த இணைவொலியில் இருக்கிறது. மூவரில் ஒருவர் வராவிட்டால் பாட்டில் ஓட்டை விழும். சகோதரிகளில் ஒருவர் இல்லாமலும் கச்சேரி நடக்கும், நடந்திருக்கிறது.

அடுத்து சினிமா. தமிழ் வெகுசன இசையில் பெண்குரல்கள் கூட்டாக ஒலிக்கும் இடம் ஒன்று உண்டு. அதற்குக் கோரஸ் என்று பெயர். அதில் பாடியவர்களின் பெயர்கள் இசைத்தட்டு உறையில் இருக்காது. எல்.ஆர். ஈஸ்வரியே கோரஸில் தொடங்கியவர்தான். பிறகு தனிக்குரலாகி, துள்ளலும் குறும்பும் நிரம்பிய பாட்டுகளைத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்தார். அம்மன் பாடல்களால் கோவில் ஒலிபெருக்கிகளை ஆண்டார். தமிழில் சோல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வரும் குரல் அவருடையது. பக்தியும் ஆட்டமும் அந்தத் தொண்டையில் ஒன்றாக இருந்தன, மேவிஸ் ஸ்டேபிள்ஸிடம் இருந்ததைப் போலவே. இளையராஜா பெண் கோரஸை மேற்கத்திய இணைவொலியில் அடுக்கி அற்புதங்கள் செய்தார். ஆனால் அந்தப் பெண்கள் ஒரு குழுவாகப் பெயர் பெற்று, தங்கள் பாட்டைத் தாங்களே தேர்ந்து, மேடை ஏறியதில்லை. பின்னணிப் பாடல் என்ற அமைப்பு ஒரு நடிகைக்கு ஒரு குரல் கேட்கும். மூன்று குரலுக்கு உதட்டசைக்க ஒரு முகம் போதாது.

வெளியே முயன்றவர்களையும் சினிமா இழுத்துக்கொண்டது. 2002இல் சேனல் வி தேர்ந்தெடுத்த ஐந்து பெண்களின் விவா குழு இந்தியாவின் முதல் பெண் பாப் குழு என்று விளம்பரமானது. இரண்டு மூன்று ஆண்டுகளில் கலைந்தது. அனுஷ்கா மன்சந்தாவும் நேஹா பாசினும் பின்னணிப் பாடகிகளானார்கள், நேஹா தமிழிலும் பாடினார். சென்னையில் எஸ்.எஸ். மியூசிக் உருவாக்கிய எஸ்5, ஆணும் பெண்ணும் சேர்ந்த குழு. அதிலிருந்து பென்னி தயாள் சினிமாவுக்கு நடந்து போன தூரம் மிகக் குறைவு. திறமை இல்லாமல் இவை அழியவில்லை. படம் இல்லாத பாட்டுக்குச் சந்தை இல்லை, அவ்வளவுதான்.

சினிமாவின் இழுவை எட்டாத இடம் என்று ஒன்று இருந்தால் அது புலம்பெயர் ஊர். சுவிட்சர்லாந்தில் தமிழ்ப் பின்னணி கொண்டவர்கள் சுமார் 50,000 பேர். 1983 வன்செயலுக்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள். முதலில் அவர்களைப் பத்திரிகைகள் போதைப்பொருள் கடத்துபவர்களாகவும் தோல் ஜாக்கெட் போட்ட சோம்பேறிகளாகவும் சித்திரித்தன. அவர்களோ உணவகங்களின் சமையலறையில் பாத்திரம் கழுவினார்கள், மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் துப்புரவு செய்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதே பத்திரிகைகள் அவர்களை உழைப்பாளிகள், அமைதியானவர்கள், சட்டத்தை மதிப்பவர்கள் என்று பாராட்டத் தொடங்கின. பாராட்டு வந்தபோதும் பரீட்சை முடியவில்லை என்பதை எம்மன் சிற்றேடு காட்டியது. குடும்பங்கள் வந்து சேர்ந்தன; பிள்ளைகள் பிறந்தார்கள்; வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள், கோவில்கள், மண்டபங்கள் உருவாயின. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோவில் திருவிழா என்று ஆண்டு முழுதும் கொண்டாட்டம், அதற்கெல்லாம் பாட்டு வேண்டும். பகலில் வேறு வேலை பார்த்து மாலையில் கீபோர்டும் தபேலாவும் எடுத்த அப்பாக்கள் மெல்லிசைக் குழு கட்டினார்கள். பிள்ளைகளே பாடகர்கள், சம்பளமும் கேட்க மாட்டார்கள்.

ப்ரியா ராகுவின் வீடும் அத்தகையதுதான். அப்பா நடத்திய குடும்பக் குழுவில் சகோதரர் கீபோர்டில், அவர் குரலில், கொலிவுட் பாட்டுகள். இளையராஜாவும் ரகுமானும் வீட்டின் காற்றில். ஸ்டேபிள்ஸ் வீட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அகதியாகவோ கூலியாகவோ வந்த அப்பா, பகல் வேலை, மாலையில் இசை, பிள்ளைகளின் குரலில் ஊர் நினைவு எல்லாம் ஒத்துப்போகின்றன. ஒரே ஒரு வேறுபாடு. பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் தன் மகள்களை உலக மேடைக்குத் தானே அழைத்துப் போனார். ராகு பதின்வயதில் ஆலிசியா கீஸின் 'ஃபாலின்' பாட்டை உள்ளூர் மேடையில் பாடவிருந்தபோது அப்பா தடுத்துவிட்டார். இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மண்டபத்தில் தமிழர் முன்னால் காதல் பாட்டுப் பாடிய அதே பிள்ளை, வேற்று மேடையில் ஆங்கிலப் பாட்டுப் பாடக் கூடாது. இதைப் பிற்போக்கு என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் அச்சம்தான் அதிகம் தெரிகிறது. தமிழ் மண்டபத்தில் பாடுபவள் எல்லாருக்கும் தெரிந்த பிள்ளை. அங்கே நூறு கண்கள் காவல். வெளியே அவளை யார் என்ன சொல்வார்களோ, யாரும் சொல்ல முடியாது. சாத்தானின் இசை என்று சொன்ன ஓக்லந்து போதகருக்கும் இதே கவலை இருந்திருக்கலாம். அவருக்கு வேதம் கைகொடுத்தது. நம் அப்பாக்களுக்கு ‘நாலு பேர் என்ன நினைப்பினம்?’ என்ற கேள்வி.

அந்தத் தடை நின்று வேலை செய்தது. ராகு விமான நிறுவனமொன்றில் உதிரிப் பாகங்கள் கொள்முதல் செய்யும் வேலையில் சேர்ந்தார். பாட்டு ஓய்வு நேரத்துக்குப் போனது. முப்பதை எட்டும் வயதில் சில மாதங்கள் நியூயார்க் போய் இருந்து எழுதிப் பார்த்தார். சகோதரரோடு சேர்ந்து உருவாக்கிய 'குட் லவ் 2.0' 2020இல் வெளிவந்தபோது பிபிசி வானொலியில் ஒலித்தது. ஃபிஃபா 21 விளையாட்டிலும் இடம் பெற்றது. வார்னர் ஒப்பந்தம் வந்தது. விமானப் பாகங்களுக்கு விடை. அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. பாப் உலகம் பதினெட்டு வயதுக்காரிகளைத் தேடும் சந்தை. நம் வீடுகள் தம் பெண்களுக்குத் தரும் தாமதம் எத்தனை ஆண்டு என்பதை இந்த வயது சொல்கிறது. 2021 செப்டம்பரில் 'டாம்ன்ஷீஸ்தமில்' என்ற தொகுப்பு. அடுத்த ஆண்டுக்கான பிபிசி சவுண்ட் பட்டியலில் பெயர். சகோதரரும் அவரும் தங்கள் பாணிக்கு 'ராகுவேவி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

அந்தத் தொகுப்பில் 'கமலி' என்றொரு பாட்டு. மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டும் ஒரு மீனவர் குப்பத்துச் சிறுமியையும் அவள் தாயையும் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த ஆவணப்படம் அதற்குத் தூண்டுகோல். ஆவணப்படத்தின் பெயரும் அதுவே. தனக்குக் கிடைக்காத சுதந்திரத்தை மகளுக்கு வாங்கிக்கொடுக்கும் தாயின் கதையை சென்ட் காலன் பெண் எடுத்துப் பாடியது தற்செயலாகத் தெரியவில்லை. அப்பாக்கள் நிறைந்த இந்த வரலாற்றில் ஒரு தாய் கதவைத் திறக்கும் இடம் அது.

'சந்தோசம்' ஆல்பத்துக்கு வருகிறேன். 'ஆடலாம் வா!', 'மணி ஓசை' போன்ற தலைப்புகளே இசை யாரை நோக்கி நிற்கிறது என்பதைக் காட்டும். அவற்றோடு 'ஈசி', 'வெகேஷன்', 'பவர்' போன்ற ஆங்கிலத் தலைப்புகள். ஆங்கிலத்தில் ஓடும் பாட்டுக்குள் தமிழ் புகுவது இவரிடம் அலங்காரமாக வருவதில்லை. வீட்டில் இரண்டு மொழி பேசி வளர்ந்த பிள்ளை கோபம் வந்தால் எந்த மொழிக்குத் தாவுமோ, மகிழ்ச்சி வந்தால் எதற்குத் தாவுமோ, அந்த இயல்பில் வருகிறது. ஜாஃப்னா கோல்டின் தயாரிப்பில் தாளம் அடியில் கனமாகக் கிடக்கிறது: அமெரிக்க ஹிப்-ஹாப்பின் அடியும் நம் ஊர்க் கொண்டாட்டத் தோல்கருவிகளின் துள்ளலும் ஒரே பாட்டில். மண்டபத்தில் கீபோர்டு வாசித்த பையனுக்குக் கூட்டத்தை எப்போது நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும் என்பது தெரியும். எந்த இசைக் கல்லூரியிலும் அதைக் கற்பிக்க முடியாது.

இதே புலம்பெயர் தலைமுறையின் இன்னொரு பெரிய பெயர் எம்.ஐ.ஏ. இலண்டன்காரரான மாதங்கி அருள்பிரகாசம் 2005இல் தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாக்கி 'அருளர்' வெளியிட்டார். 2007இல் தாயின் பெயரில் 'கலா'. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அவருடைய இசை குற்றம் சாட்டியது, சீண்டியது, துப்பாக்கிச் சத்தத்தைத் தாளமாக்கியது. ராகு வந்தது 2009இல் போர் முடிந்த பிறகு. முள்ளிவாய்க்காலுக்குப் பிந்திய தலைமுறைக்கு ஒரு சங்கடம் உண்டு: இத்தனை சாவுக்குப் பின் ஆடலாமா? வீடுகளில் பல ஆண்டுகள் மே மாதம் பாட்டே போடாமல் இருந்திருக்கிறார்கள். அந்தப் பின்னணியில் ஒரு ஈழத்தமிழ்ப் பெண் தன் முதல் ஆல்பத்துக்கு 'சந்தோசம்' என்று பெயர் வைப்பது அரசியல் அற்ற செயல் என்று நான் கருதவில்லை. அகதி என்றால் அழுதுகொண்டே இருக்க வேண்டும், அழுதால்தான் நம்புவோம் என்று எதிர்பார்க்கும் ஐரோப்பியச் செவிக்கு அது ஒரு பதில். சுப்ரீம்ஸ் மூவரும் மின்னும் உடையில் சிரித்தபடி தொலைக்காட்சியில் தோன்றியபோதும் அப்படிப்பட்ட பதில்தான் சொன்னார்கள்.

குறையும் உண்டு. ஆல்பத்தின் சில இடங்களில் மெருகு கூடிப்போய், பெருநிறுவன ஆர் அண்ட் பி எல்லாம் ஒலிக்கும் அதே பளபளப்பில் ஊர் மணம் கரைந்துவிடுகிறது. பதிவுக்கூடத்தில் ஒரே பெண்ணின் குரலை மேலே மேலே அடுக்கிக் கோரஸ் ஆக்குவது இன்றைய சோல் இசையின் பொது வழக்கம். காதுக்கு அது மூன்று பெண்கள் நிற்பது போல ஒலிக்கும். ஆனால் தன் குரலோடு தானே முரண்பட முடியாது. பாலார்ட், வில்சன், ராஸ் மூவரின் குரல்களில் இருந்த கரகரப்பு வேறுபாடும் போட்டியும் ஒருவரை ஒருவர் உந்தித் தள்ளும் சூடும் அடுக்குக் குரலில் வராது. பாயிண்டர் சகோதரிகளின் பாட்டில் நால்வரும் ஒருவர் வார்த்தையை இன்னொருவர் பறிப்பதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

அப்படியானால் அடுத்த தலைமுறையிலாவது மூன்று தமிழ்ப் பெண்கள் சேர்ந்து நிற்பார்களா? சுவிஸ் தமிழ்ப் பெண் பிள்ளைகளிடம் பயிற்சிக்குக் குறைவில்லை. பரதநாட்டியமும் கர்நாடக வாய்ப்பாட்டும் கற்று, ஆண்டுக்கணக்கில் உழைத்து, மண்டபம் எடுத்து, பக்கவாத்தியக்காரரை வரவழைத்து அரங்கேற்றம் செய்கிறார்கள். பெற்றோர் சேமிப்பின் பெரும்பகுதி அதில் போகிறது. ஆனால் அரங்கேற்றம் தனி ஒருத்தியின் மேடை. முடிந்ததும் சலங்கை பெட்டிக்குள் போவதும் வழக்கமே. இணைவொலிப் பாட்டைப் பொறுத்தவரை, தேவாலயப் பாடகர் குழுவில் வளரும் கத்தோலிக்கத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் சிறுவயதிலேயே வாய்க்கிறது. சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியின் பாட்டு வகுப்பைத் தவிர இடமில்லை. பெண்குழுவுக்குக் குரலைவிட அதிகம் வேண்டியது நேரம். வெவ்வேறு வீட்டுப் பெண்கள் மூவர் வாரத்தில் மூன்று இரவு ஓர் அறையில் கூடிப் பாடிப் பழக வேண்டும். வேறு ஊருக்குப் போய்ப் பாடிவிட்டு நள்ளிரவு ரயிலில் திரும்ப வேண்டும். பதினெட்டு, இருபது, இருபத்தைந்து என்று படிப்பும் கலியாணமும் குறுக்கிடும் வயதுகளில் பிரியாமல் இருக்க வேண்டும். மூன்று வீட்டிலும் மூன்று அப்பாக்கள் சம்மதிக்க வேண்டும்.

சகோதரனோடு பாட்டுச் செய்ய இவை எதுவும் தேவையில்லை. அவன் பக்கத்து அறையில் இருக்கிறான்; இரவு இரண்டு மணிக்கும் கதவைத் தட்டலாம்; யாரோடு போனாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்பாவின் குழுவில் கிடைத்த கீபோர்டுக்காரனே மகளுக்கு வாய்த்த ஒரே அனுமதிக்கப்பட்ட கூட்டாளி என்பதிலிருந்துதான் 'சந்தோசம்' ஆல்பத்தின் வடிவத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஸ்லெட்ஜ், பாயிண்டர் வீடுகளில் சேர்ந்து பாட நான்கு மகள்கள் இருந்தார்கள். சென்ட் காலன் வீட்டுக் குழுவில் பாடியது ஒரு மகள்.